வள்ளப் பெயின்ற் அடித்த ஏசி: மட்டக்களப்பிலிருந்து கதிரவெளிக்கு

வேறு வாகனம் பிடித்திருக்கலாம்தான். பிடித்தேன். நல்ல ஏசி வான், முற்பணமும் கொடுத்தாயிற்று. அப்பா போனில் மாட்டேன் என்றார். "என்ட வண்டி இருக்கக்க ஊரான்ட வண்டி என்னத்துக்கு?" அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை. மறுத்துப் பேச எனக்கு மனம் இல்லை.

இதுவரை இந்த வலைப்பூவில் பார்க்கப் போன இடங்களை எழுதினேன். இது வீட்டுக்குப் போன பயணம். மட்டக்களப்பிலிருந்து வடக்கே கதிரவெளி, எழுபது கிலோமீற்றர் அளவு. ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று வீசும் காலம். தரையின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து வரும் காற்று அது. பழைய வண்டியில், நோயாளியோடு இந்த வழியில் போக நேர்பவர்களுக்கு இது உதவலாம்.

அப்பா மீன் வியாபாரி. கதிரவெளிக் கரையில் எடுத்த மீனைப் பெட்டி பெட்டியாக மட்டக்களப்புக்கு ஏற்றியவர். அவருடைய வண்டி இருபது வயது தாண்டிய பிக்கப். மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருக்கலாம், பின்னால் பெட்டி. இரண்டு வருடமாக அதன் ஏசி சரியில்லை. காலையில் கொஞ்சம் குளிரும், பத்து மணிக்குப் பிறகு வெறும் காற்று. "பழசு. இவ்வளவுதான் வரும்" என்பார்.

நுரையீரலில் வந்த நோய் முற்றிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று போனில் சொன்னார் டாக்டர். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை. தூசும் வெக்கையும் ஆகாது, கண்ணாடிகளை ஏற்றியே கொண்டுபோங்கள், தாமதிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிறகு, இரண்டு நாள் போனால் அசைக்க முடியாமல் போகலாம் என்றார். அப்பாவுக்கு வேண்டியது ஒன்றுதான். வீடு.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, காலை ஒன்பது மணிக்குக் கதிரவெளியில் பிக்கப்பை எடுத்தேன். அம்மா படுக்கையை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டிலருகே.

வாகரை தாண்டும்வரை ஏசி குளிர்ந்தது. பனிச்சங்கேணிப் பாலத்தில் வெயில் ஏறியது. வாழைச்சேனை வரும்போது கண்ணாடியை இறக்க வேண்டியதாயிற்று. அறுவடை நேரம். தார் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். பதர் முகத்தில் ஒட்டியது. இந்தக் காற்றை அப்பா இழுப்பதை நினைத்தேன். வண்டியை நிறுத்தினேன்.

வாழைச்சேனையில் ஒரு கராஜில் கேஸ் குறைவு என்றார்கள். முன்பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேஸ் அடித்தார்கள், ஆறாயிரம் ரூபாய். பத்து நிமிடம் நம்பிக்கை. பிறகு முன்பைவிட மோசம்.

ஏறாவூரில் பிரதான வீதியிலேயே இன்னொரு கராஜ். முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். ஏறாவூர் முஸ்லிம்; அங்கே அண்ணனை நானா, காக்கா என்பார்கள். எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்தார். வாழைச்சேனைக் கதையைச் சொன்னேன்.

"நாளைக்கு வாங்க தங்கச்சி. முன்னுக்கு மூணு வண்டி இரிக்கி."

"நானா, அப்பா ஆஸ்பத்திரியில. இண்டைக்குத்தான் கொண்டுபோகலாம்."

"எங்க?"

"கதிரவெளிக்கு. வீட்ட."

அவர் என்னைப் பார்த்தார். இது எப்படிப்பட்ட வீட்டுப் பயணம் என்று விளங்கியிருக்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருந்த வானை வெளியே தள்ளச் சொன்னார். அதன் சொந்தக்காரர் ஏதோ முணுமுணுத்தார். "உன்ட வான் கலியாணத்துக்குத்தானே காக்கா போற, பொண்ணு ஓடிராது" என்றார் முதலாளி.

எஞ்சினை ஓட விட்டு, கேஸின் அழுத்தம் பார்க்க மீற்றர் பூட்டினார். முள் ஏறி நின்றது. பிறகு ஒரு வாளித் தண்ணீரை வண்டியின் முகத்தில் ஊற்றி, உள்ளே காற்று வரும் வாயில் கையை வைக்கச் சொன்னார். சில்லென்று வந்தது. ஒரு நிமிடம். தண்ணீர் காய்ந்ததும் போய்விட்டது.

"கேஸ் கூடிப்போச்சு. அதவிட, சூடு வெளிய போகல்ல. முன்னுக்கு என்னமோ அடச்சிரிக்கி."

முன்பக்கக் கிறில் தட்டியைக் கழற்றினார். கண்டென்சர் தெரிந்தது. உள்ளே சுற்றிவரும் கேஸின் சூட்டைக் காற்றில் விடும் மெல்லிய தகடுகள். அவை நீலமாக இருந்தன. கதிரவெளிக் கரையில் நிற்கும் வள்ளங்களின் நீலம். இரண்டு பூச்சு. தகடுகளின் இடைவெளி பாதி மூடியிருந்தது. மீதியில் பதரும் மீன் செதிலும்.

"ஆரு இது செஞ்ச?"

"அப்பாவாத்தான் இருக்கும்."

"வள்ளத்துக்கு அடிக்கிறத வண்டிக்கு அடிச்சிரிக்கார். இன்னும் கடல்ல எறக்கல்லயே." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு விளங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் பழைய கண்டென்சரை உப்பு தின்றுவிட்டது. புதிதாக வாங்கியதை அது தின்னக்கூடாது என்று பூட்டுமுன்னே அடித்திருக்கிறார். எங்கள் கரையில் இரும்பு எதையும் வெறுமையாக விடமாட்டார்கள். கதவுக் கொளுக்கி, சைக்கிள், கிணற்றுக் கப்பி, எல்லாவற்றுக்கும் வள்ளத்தில் மிஞ்சிய பெயின்ற். அப்படிக் காப்பாற்றிய வண்டியில் இரண்டு வருடம் வெக்கையையும் தூசையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். முந்தி ஒருமுறை வார்டில் டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய நுரையீரல் படம் ஞாபகம் வந்தது. இரண்டையும் ஒப்பிட மனம் ஓடியது. ஓட விடவில்லை.

தின்னர் போட்டுத் தேய்த்தால் தகடு மடங்கிவிடும் என்றார். பழைய வாகனமொன்றில் கழற்றி வைத்திருந்த கண்டென்சரைத் தேடி எடுத்துப் பூட்டினார். புதிதாக கேஸ், கூலி, எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம். மூன்று மணித்தியாலம். இடையில் தம்பியின் அழைப்பு: "அக்கா, அப்பா கேக்கிறார், வாறீங்களா எண்டு." வாறன் என்றேன்.

நான்கு மணிக்கு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டோம். அப்பா கண்ணாடியோரம், தலையணையில் சாய்ந்து. தம்பி பின்பெட்டியில் பைகளோடு. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. குளிர் வந்துகொண்டே இருந்தது. வெளியே நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். எழுந்த தூசு கண்ணாடிக்கு அப்பால் சத்தமில்லாமல் போயிற்று. அவர் இருமவில்லை.

ஓட்டமாவடிப் பாலத்தில் கேட்டார்.

"என்ன பிழையாம்?"

"கேஸ் பிழையாம் அப்பா."

"முன்பக்கம் கழட்டினவனா?"

"ஓம்."

"அப்ப பெயின்ற்றப் பாத்திருப்பான்."

"பாத்தவர்."

"என்ன சொன்னான்?"

வீதியைப் பார்த்தேன். "உப்பு ஒரு துளியும் பிடிக்கல்லயாம். நல்ல வேலையாம்."

தலையை மெல்ல ஆட்டினார். "ரெண்டு கோட் அடிச்சன். வேற ஆக்களுக்கு அது விளங்காது." நீண்ட நேரம் கழித்து, "கால் குளிருது" என்றார்.

"குறைக்கட்டா?"

"வேணாம். இருக்கட்டும். காசு குடுத்தது."

பனிச்சங்கேணியில் வாவி இரு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. தண்ணீரில் இடுப்பளவில் நின்று ஒருவர் வலை எறிந்தார். வலை விரிந்து விழும்வரை அப்பா பார்த்தார். "சின்னக் கண் வலை" என்றார். அது குறையா, வெறும் தகவலா, தெரியவில்லை. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீடு. அம்மா வண்டிக் கதவைத் திறந்ததும் அவரே காலை இறக்கினார்.

இந்த வழியில் வருபவர்களுக்கு: வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையில் நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியோடு என்றால் நான்கு மணிக்குப் பிறகு புறப்படுங்கள். ஏசி குறைந்தால் கேஸ் அடிக்க விடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை முன்பக்கம் ஊற்றிப் பாருங்கள். குளிர் கூடினால் பிழை கண்டென்சர் பக்கம்தான், அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடற்கரை ஓட்டத்துக்குப் பின் நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவினால் போதும். பெயின்ற் வேண்டாம்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன். அவர் தன் கையால் காப்பாற்றியதாக நம்பிய ஒன்று அவருக்கு மிஞ்சியிருந்தது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு என்ன தேவை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது போதுமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் விடியலில், தன் கட்டிலில், அப்பா போய்விட்டார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பி சொந்தக்காரர்களுக்கு அழைப்பு எடுக்கத் தொடங்கினான். நான் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வாகரைக்குப் போய், செத்த வீட்டுக்கு வருபவர்கள் இருக்க வாடகைக் கதிரைகள் ஏற்றிக்கொண்டு வந்தேன்.