தண்ணீருக்கு விழுந்த கோட்டை

எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பள்ளிக்கூடத்தில் பெஞ்சு இழுக்கும் சத்தம் கேட்டால் என் எட்டாம் வகுப்பு கண்முன் வந்துவிடும். சரித்திர டீச்சர் பெஞ்சுகளை வளைத்துப் போட்டு மலைக்கோட்டை கட்டுவார். தரையில் சாக்பீஸால் காவேரி ஓடும். முற்றுகைப் பாடத்தன்று வாசற்காவல் எனக்கு. கோட்டை என்னால் போய்விடுமோ என்று வாசல் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எதிரிப்படை வசந்தா வந்து நின்றாள்.

"தொண்டை காயுதுடி. கொஞ்சம் தண்ணி குடேன்."

தண்ணீர் கேட்டவளுக்கு இல்லையென்பதா? பெஞ்சை நகர்த்தினேன். படையே உள்ளே புகுந்தது.

"கெடுத்தியேடி!" என்று எங்கள் பக்கம் கத்தியது. நான் அழுதேன்.

டீச்சருக்குச் சிரிப்புத் தாளவில்லை. "பீரங்கிக்கே விழாத கோட்டைம்மா இது! சரி, அவளுக்குத் தண்ணி குடுத்தியா?"

அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. இன்றும் யாராவது தண்ணீர் கேட்டால், கதவைத் திறந்த பிறகுதான் பயப்படுகிறேன்.