அக்கி எழுதிய கை

அத்தையின் இடது கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அதை அன்றைக்கே கத்திச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரையில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த நான், விடுமுறைக்கு வடுகபட்டியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனேன். அவளுக்குத் தோளிலிருந்து முழங்கை வரை ஒரே பட்டையாக அரிப்பு. சொறிந்து சொறிந்து தோல் வழன்று கிடந்தது. கழுத்தெலும்புக்கு மேலே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. அது வலிக்கவில்லை என்பதால் வீட்டில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

ஒரு பக்கமாகப் பட்டை கட்டி அரித்தால் அக்கி என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அக்கிக்கு மருந்து கிடையாது, எழுத்துதான். குயவர் வந்து செங்காவியைக் குழைத்துக் கோழியிறகால் பூசி, அதன்மேல் ஒரு சிங்கத்தை வரைந்துவிட்டுப் போவார். எழுதிய இடத்தில் தண்ணீர் படக் கூடாது.

"கொப்புளமே இல்லையே, எதுக்கு மேல எழுதுறீக?" என்று குயவரைக் கேட்டேன்.

"உள்ளாற அடங்கிக் கெடக்கு தம்பி. எழுதுனா வெளிய வரும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா குணமாயிருச்சுன்னு அர்த்தம்."

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இதுக்கு உன் காலேசுல பதில் இருக்கா மாப்ள?"

காவி ஈரமாக இருந்த சற்று நேரம் அத்தை கண்ணை மூடிக் கிடந்தாள். "குளுகுளுன்னு இருக்கு" என்றாள். எழுத்து வேலை செய்கிறது என்பதற்கு மாமாவுக்கு அது போதும். காவி காய்ந்ததும் அவள் துடித்தாள். "ஒரு செம்புத் தண்ணி ஊத்துங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." எழுத்து அழிந்துவிடும் என்று மாமா மறுத்தார். அவள் சொறியாமல் இருக்கட்டும் என்று வலது கையைத் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டினார். மாட்டைக்கூட அவர் அப்படி இறுக்கிக் கட்டி நான் பார்த்ததில்லை.

கட்டை அவிழ்த்தேன். அடுக்களைப் பானையோடு தண்ணீரைத் தூக்கி வந்து அவள் கையில் ஊற்றினேன். சிங்கம் கரைந்து தரையில் ஓடியது. அத்தை பெருமூச்சு விட்டாள்.

"ஏலே! இனி இவளுக்கு வர்றதெல்லாம் உன் தலையில!" என்று மாமா கத்தினார்.

"வரட்டும். நாளைக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி போட்டு ஓடிய பஸ்ஸில், வழிநெடுக அவள் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே போனோம். ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பார்த்த நேரத்தைவிடக் கழுத்தைத் தடவிய நேரம்தான் அதிகம். கட்டி புற்று, கைக்கு இறங்கும் நரம்பை அது நெருக்குகிறது, அரிப்பு பிறப்பது அங்கேதான், தோலில் பூசி என்ன பயன் என்றார். நகத்தை வெட்டி, ஈரத்துணி போடச் சொன்னார். சென்னையில் எக்ஸ்ரே கதிர் வைத்துக் கட்டியைச் சுருக்கிப் பார்க்கலாம், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்றார்.

ஊர் திரும்பி இதைச் சொன்னதும் மாமா எகிறினார். "கட்டி கழுத்துல. அரிப்பு கையில. ஆருகிட்டடா கதை விடுற?"

"மேல வாய்க்கால மிதிச்சா ஒங்க வயல்ல தண்ணி கலங்காதா மாமா?"

"வாய்க்காலுக்கு நரம்பு இருக்கா?"

அந்த மனிதரோடு பேசுவதே வீண். என் அப்பாவை அழைத்துவந்தேன். தங்கையின் கையைப் பார்த்த அப்பா, மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனார்.

அவள் திரும்பி வந்தபோது கட்டி வற்றியிருந்தது, ஆனால் போய்விடவில்லை. அரிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இரவில் தூங்கினாள்.

பார்க்க வந்தவர்களிடம் மாமா கூசாமல் சொன்னார்: "எழுத்து கொஞ்சம் தாமசமாத்தான் கேக்கும். இப்பப் பாருங்க, கேட்டுருச்சு."

வந்தவர்களும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"அவுக சொல்றது நெசந்தான். அடுத்து அவுகளுக்கு அரிச்சா எழுதச் சொல்லுங்க. வலது கையை நான் கட்டுறேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.