வெள்ளச்சியின் வயிற்றில் நெல்லிக்காய்

"வெள்ளச்சிக்கு ரெத்தம் படுதுங்க, டீச்சரம்மா" என்றாள் குஞ்சம்மாள்.

வசந்தாமணி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மாசத் தூரமா இருக்கும்க்கா. மூணு நாள் தனிக் கூடையில வைங்க."

"முசலுக்குமா தூரம்? அப்பறம் அதுக்கும் தலைக்கு ஊத்தோணுமாட்ட இருக்குது!" சிரித்தவள் உடனே குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஆடுக ஒண்ணுக்கும் இப்படி ஆனதில்லீங்க. வயித்தத் தொட்டா நெல்லிக்கா மாதிரி நாலு கட்டி உருளுது. ஆண் முசலே இல்ல, குட்டியா இருக்காது. நாளைக்கு மாட்டு டாக்டரு வாராருங்களே, கேட்டுப்போடுங்க."

"சரிக்கா, கேக்கறேன்."

அது 1941. சங்ககிரிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி விடுதி. ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் தலைமையாசிரியை விட்டுப்போன இரண்டு பெண் முயல்கள் அங்கே இருந்தன: ஐந்து வயது வெள்ளச்சி, இரண்டு வயது கருப்பி. குஞ்சம்மாள் மல்லசமுத்திரத்துக்காரி. புருஷன் செங்கோடன் இறந்து, ஆடுகளும் கைவிட்டுப் போனபின் விடுதியைக் கூட்ட வந்தவள். சினை ஆட்டின் வயிற்றைத் தடவி எத்தனை குட்டி என்று சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கத்தில், வெள்ளிக்கிழமைதோறும் முயல்களுக்கும் வயிறு பார்ப்பாள். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

மறுநாள் விடுதிப் பசுவுக்கு ஊசி போட டாக்டர் வந்தார். தெலுங்கு தேசத்துக்காரர், தமிழ் அரைகுறை. நடுவில் வசந்தாமணி நின்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். வெள்ளச்சியை மடியில் வைத்துக்கொண்டு குஞ்சம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள்: எங்கிருந்து இரத்தம் வருகிறது, எத்தனை தடவை வந்தது, கட்டிகள் எவ்வளவு பெரிது. டாக்டர் வசந்தாமணியைப் பார்த்தார். குமாஸ்தாவும் காவல்காரரும் பக்கத்தில் நின்றார்கள். அந்த ஆங்கிலச் சொற்கள் அவளுக்குத் தெரியும். ஆண்கள் முன்னால் வாயில் வரவில்லை.

"சரியாகத் தின்பதில்லை என்கிறாள்" என்றாள்.

டாக்டர் சீரணத்துக்குப் பொடி கொடுத்தார்.

"ரெத்தத்துக்கு இந்தப் பொடிதானுங்களா?"

"ஆமாங்க்கா."

நாற்பது நாள் குஞ்சம்மாள் அந்தப் பொடியைத் தன் உள்ளங்கையில் வைத்து நக்கக் கொடுத்தாள். இடையில் மூன்று முறை இரத்தம் பட்டது. மூன்று முறையும் வசந்தாமணி கூடையை முயல் கொட்டகைக்கு வெளியே வைக்கச் சொன்னாள். தொடக்கூடாது என்று பிள்ளைகளையும் விலக்கினாள். வெள்ளச்சி சுவர்ப்பக்கம் முகம் வைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தது.

ஆடியில் அது மூச்சு வாங்கிச் செத்தது. டாக்டர் பார்க்காமல் புதைக்கமாட்டேன் என்று குஞ்சம்மாள் பிடிவாதமாக இருந்தாள். அவர் வந்து அறுத்துக் காட்டினார். கருப்பை முழுக்கக் கட்டி. நுரையீரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். வயதான பெண் முயல்களுக்கு வரும் புற்று என்றார். முயலுக்கு மாதத் தீட்டே கிடையாது, இரத்தம் கண்டால் நோய்தான். கட்டி கருப்பையோடு நின்றிருந்தபோது தெரிந்திருந்தால், நாய்களுக்குச் செய்வதுபோல் கருப்பையையே எடுத்துப் பார்த்திருக்கலாம். இளசிலேயே எடுத்துவிட்டால் இந்த நோய்க்கு இடமே இல்லை.

"இரத்தத்தை யாரும் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

"என்னங்க சொல்றாரு?" என்றாள் குஞ்சம்மாள்.

வசந்தாமணி இந்த முறை ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னாள். கடைசியில், "அன்னைக்கு நீங்க சொன்னத நான் அவர்கிட்டச் சொல்லவே இல்லக்கா. வெக்கமா இருந்துது" என்றாள்.

குஞ்சம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாப்பது நாளு என் கையால அந்தப் பொடியக் குடுத்தனே" என்றாள். பிறகு அந்தத் தனிக் கூடையை எடுத்துப்போய்க் கழுவினாள். அந்த வாரம் முழுக்க வசந்தாமணி கொட்டகைப் பக்கமே போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குஞ்சம்மாளே வந்து அவளைக் கூட்டிப்போனாள். கருப்பியை மடியில் கிடத்தி, வசந்தாமணியின் விரலைப் பிடித்து அதன் அடிவயிற்றில் வைத்தாள். பட்டாணி அளவில் ஏதோ நழுவியது.

"தெரியுதுங்களா? இன்னும் சிறுசுதான். டாக்டர வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்குது. நான் சொல்றத இந்தத் தடவை அப்படியே சொல்லிப்போடுங்க, சாமி. ரெத்தம்னா ரெத்தம்னே சொல்லோணும். பக்கத்துல யாரு நின்னாலும்."