இஸ்திரிப் பெட்டி சுமந்த வாரம்

என் மருமகளிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் அவள் மேல் ஒரு குறை உண்டு. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "அம்சமா இருக்கும்மா, மடிச்சுக் குடு" என்று அவர்கள் கிளம்பும் நேரத்தில் அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போடுவாள்.

"உக்காருங்க."

"எதுக்கும்மா? அதான் சரியா இருக்கே."

"நின்னு பார்த்தா எல்லாச் சட்டையும் சரியாத்தான் இருக்கும். உக்காந்தாத்தான் எங்க பிடிக்குதுன்னு தெரியும்."

உட்கார வேண்டும். கையைத் தூக்க வேண்டும். கீழே விழுந்த சாவியை எடுப்பதுபோலக் குனிய வேண்டும். அதுவரை கடைசித் தையலைப் போடமாட்டாள். வெள்ளை நூலால் பெரிது பெரிதாக ஓட்டித்தான் வைத்திருப்பாள். இதற்கு அவர்கள் கடையில் டிரையல் என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள், நர்சுகள், காவலாளிகள் என்று ஊரில் சீருடை போடுகிற எல்லோருக்கும் அந்தக் கடையில்தான் தைப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த முக்காலியில் உட்காராமல் யாரும் சீருடை வாங்கிப் போனதில்லை.

நான் தண்ணீர் விநியோக அலுவலகத்தில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். கீழே எழுதியிருப்பது நான் கண்ணால் பார்த்தது, இல்லாவிட்டால் அவளே வந்து சொன்னது. கேள்விப்பட்டது எதையும் சேர்க்கவில்லை.

ஒருநாள் தபால்காரர் ஒருவர் கால்சட்டை நீளம் குறைக்க வந்தார். விபத்தில் இடது காலை முழங்காலுக்கு மேல் இழந்து, செயற்கைக் கால் பொருத்தியவர். நின்றபோது கால்சட்டை சரியாக இருந்தது. முக்காலியில் உட்காரச் சொன்னதும் முகம் சுளித்தார். கால்சட்டையில் ஒன்றும் இல்லை. செயற்கைக் காலை இடுப்போடு கட்டியிருந்த பட்டை தொடையை அறுத்துக்கொண்டிருந்தது. அவள் பட்டையைக் கழற்றி வாங்கி, ஓரத்தை மடித்து, உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மறுவாரம் தபால்காரர் கையில் வேலை எதுவும் இல்லாமலே கடைக்கு வந்தார்.

"ஏம்மா, இதுக்குன்னே யூனிவர்சிட்டியில ஒரு படிப்பு இருக்கு தெரியுமா? பட்டை என்ன, காலையே செய்யலாம்."

அவள் சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். ஆனால் அடுத்த வருடம் நுழைவுத் தேர்வு எழுதினாள். முப்பத்து நாலு வயதில், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதி, இடமும் வாங்கிவிட்டாள். எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் பல்கலைக்கழகப் படி ஏறியதில்லை. நான் பால்காரரிடம் சொன்னேன், பேப்பர் போடுகிறவரிடம் சொன்னேன், தவறான எண்ணுக்குத் தொலைபேசி செய்த ஒருவரிடமும் சொன்னேன்.

பல்கலைக்கழகம் தொலைவில் இருந்தது. வீட்டிலிருந்து ஒரு பேருந்து, பிறகு ரயில், பிறகு மறுபடி ஒரு பேருந்து. போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். விடுதியில் ஒரு கட்டில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றால் அந்தக் கட்டில் பிறகு கிடைக்காது. இன்னொன்றும் இருந்தது. தினமும் முதல் வகுப்பு பட்டறையில். காலை எட்டரைக்கு, கால் அச்சு எடுக்க மாவுக்கட்டு மாவைக் கரைப்பார்கள். கரைத்தபின் அது யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு பருவத்தில் மூன்று முறை வெளியே நின்றால் இடம் போய்விடும்.

தினமும் போய்வர முடியுமா, முடியாதா? வீட்டில் அன்றைக்கு அதுதான் பேச்சு.

"காலையில அஞ்சரைக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வந்தா, இது வீடு இல்ல, வெயிட்டிங் ரூம்," என்றான் என் மகன். அவன் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தே பழகியவன். "பேசாம ஹாஸ்டல்ல இரு. இங்க நாங்க பார்த்துக்கறோம்."

"நாங்கன்னா யாருங்க? நீங்க பாதி நாள் யாரோட லிஃப்ட்லயோ தொங்கிட்டு இருப்பீங்க."

"அப்பா இருக்காரு இல்ல."

ஒன்பது வயதுப் பேத்தி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். வீட்டில் யார் எங்கே போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று விசாரிப்பது அவள் வேலை. அதனால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர்.

"அம்மா சனிக்கிழமைதான் வருவாங்கன்னா என் நோட்டுல யார் கையெழுத்து போடுறது?"

"நான் போடறேன் கண்ணு," என்றேன்.

"வேணாம் தாத்தா. நீங்க தேதி, மணி எல்லாம் போடுவீங்க. மிஸ் சிரிப்பாங்க."

என் மனைவி இருந்திருந்தால் விடுதிக்கே அனுப்பியிருக்கலாம். அவள் போனபின் அந்த வீட்டைத் தாங்கியது மருமகள்தான். வாரக்கடைசியில் மட்டும் அம்மாவாக இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. படிப்பைக் கைவிடவும் மனம் வரவில்லை. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லவில்லை; பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

நான் பேருந்து நேரம், ரயில் நேரம் எல்லாம் விசாரித்து, ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். என் கணக்குப்படி முடியும். பட்டறை வாசலில் பன்னிரண்டு நிமிடம் மிச்சமும் இருந்தது. அவள் தாளை இரண்டு முறை படித்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு மாமா. ஆனா இது நின்னு பார்த்த கணக்கு."

"அப்படின்னா?"

"திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். உக்காந்து பார்த்துடலாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை போயேன். கூட்டம் இருக்காது," என்றான் மகன்.

"கூட்டம் இல்லாத நாள்ல போனா அது டிரையல் இல்லைங்க, சுற்றுலா."

கடையில் ஒரு வாரம் விடுப்புச் சொன்னாள். மூத்த மாணவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது; முதல் வருடத்துக்குத் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. புத்தகங்களும் கருவிப் பெட்டியும் அப்போதுதான் தருவார்கள். ஆனால் வெறும் பையோடு போய்ப் பார்ப்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டு அறிந்து, சாப்பாடு, தண்ணீர், மேலங்கி எல்லாம் எடுத்து வைத்து, மீதிக் கனத்துக்குக் கடையிலிருந்த பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் இறக்கினாள்.

முதல் நாளே பல்கலைக்கழக வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார்.

"என்னம்மா இது?"

"இஸ்திரிப் பெட்டிங்க."

"யாருக்குத் தேய்க்கப் போறீங்க?"

"யாருக்கும் இல்லீங்க. சும்மா, கனத்துக்கு."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குலுக்கியும் பார்த்தார். "முப்பது வருசமா இந்த வாசல்ல நிக்கிறேன். கனம் போதலைன்னு கொண்டு வந்த ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்று உள்ளே விட்டாராம்.

பட்டறையில் நாள் முழுக்க நின்றுதான் வேலை செய்ய வேண்டும். ஆகவே அவளும் நின்றாள். பட்டறைக்கு எதிர் வராந்தாவில், கைப்பிடிச் சுவர் மேல் துணியைப் போட்டு, கடையிலிருந்து கொண்டுபோன சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டே நின்றாள். மாணவர்கள் அவளை யாரோ புது ஊழியர் என்று நினைத்து அறை எண் கேட்டார்கள். மாலைக்குள் அவளுக்கு எல்லா அறையும் தெரிந்துவிட்டது.

திங்கள் என் தாளில் எழுதியபடியே நடந்தது. செவ்வாய் ரயில் வழியில் நின்றது. அவள் போனபோது பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. நான் ஒரு ரயில் முந்திப் பிடிக்கச் சொல்லிக் கட்டத்தைத் திருத்தினேன். புதன் காலை அப்படியே போனாள். அரை மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று மாலை ஏழரை ஆயிற்று, எட்டு ஆயிற்று, அவள் வரவில்லை. மேனேஜர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். எட்டரைக்கு என் மகனின் தொலைபேசி அடித்தது.

"என்னங்க, நான் கடைசி ஸ்டேஷன்ல இருக்கேன்."

"கடைசி ஸ்டேஷன்லயா? அங்க என்ன பண்றே?"

"முழிச்சுக்கிட்டேன்."

நடந்தது இதுதான். திரும்பும் ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தாள், தூங்கினாள். எங்கள் நிலையம் வந்தது, போனது. பாதை முடியும் இடத்தில் வண்டி கூட்டுகிற பெண் அவளைத் தட்டி எழுப்பிவிட்டு, எதிர் இருக்கையில் இருந்த இன்னொரு பெண்ணையும் தட்டினாள். இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடைமேடை டீக்கடைக்காரர் அந்த இன்னொரு பெண்ணைப் பார்த்து, "வாங்க மேடம். இன்னைக்குத் துணைக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டு, அவர்கள் கேட்காமலே இரண்டு டீயை நீட்டினாராம்.

அந்தப் பெண் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகள். அதே படிப்பில் இரண்டாம் வருடம். எங்களுக்கு அடுத்த நிலையத்திலிருந்து தினமும் போய்வருகிறவள். சேரும்போது விடுதி வேண்டாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு வருடமாக ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பருவத்தில் இரண்டு முறை கதவுக்கு வெளியே நின்றாகிவிட்டது. இன்னொரு முறை தவறினால் வீடுதான்.

திரும்பி வந்தவளுக்கு என் மகன் சாப்பாட்டை எடுத்து வைத்தான். கோபத்தில் அவன் எடுத்து வைத்தால் எல்லாம் இரண்டு மடங்கு இருக்கும்.

"டிரையல் போதும். பார்த்தாச்சு இல்ல? முடியாது. ஹாஸ்டல்னு சொல்லிடு."

"முடியாதுன்னு யார் சொன்னா?"

"நீதான் சொன்னே, கடைசி ஸ்டேஷன்லேருந்து!"

அவள் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தாள். "சட்டை பிடிக்குதுன்னா சட்டையத் தூக்கிப் போட மாட்டாங்க. எங்க பிடிக்குதுன்னு பார்த்து அங்க மட்டும் பிரிப்பாங்க. காலைல எனக்குப் பிடிக்கலைங்க. திங்கக்கிழமை பிடிக்கலை. மூணாவது நாள்தான் பிடிக்குது. வாரத்துல ரெண்டு ராத்திரி அங்கயே தூங்கி எழுந்தா நான் எவ்வளவு தூரம் வேணாலும் போவேன்."

"ரெண்டு நாளைக்கு மட்டும் எந்த ஹாஸ்டல்ல கட்டில் குடுப்பான்?"

நான் என் தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லா வண்டியும் இருந்தது, நடக்கிற தூரம்கூட இருந்தது. தூக்கத்துக்குக் கட்டம் இல்லை.

வியாழனும் போனாள். அன்று மருந்துக்கடைப் பெண்ணும் அவளும் ரயிலில் ஒருவரை ஒருவர் கிள்ளி எழுப்பிக்கொண்டே வந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை விடுதியில் குடும்பத்தார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மகன் எங்கோ ஆறாவது மாடியில் மாட்டியிருந்ததால் நான் போனேன். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. "டிரையல் கெட்டுப்போயிடும் மாமா." ரயிலில் எனக்கு யாரோ இடம் கொடுத்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நின்றாள்.

வார்டன் கண்டிப்பான அம்மாள். மேசை மேல் சாவிக்கொத்து, அதன் பக்கத்தில் விதிப் புத்தகம்.

"கட்டில் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் மேடம். ஆனா பாதி."

வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். மருந்துக்கடைப் பெண் என் மருமகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"ஒரு கட்டில்ல ரெண்டு பேர் தங்க அனுமதி கிடையாதும்மா."

"ஒரே நேரத்துல இல்ல மேடம். நான் திங்கள், புதன். இவங்க செவ்வாய், வியாழன். மத்த நாள் வீட்டுக்குப் போயிடுவோம்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை கட்டிலுக்கு லீவு மேடம்," என்றாள் மருந்துக்கடைப் பெண்.

வார்டன் சிரிக்கவில்லை. "போர்வை?"

"ஆளுக்கு ஒண்ணு."

"தலையணை உறை?"

"நானே தைச்சுக் கொண்டு வரேன். ரெண்டு நிறத்துல," என்றாள் என் மருமகள். "மூணு தடவை கதவுக்கு வெளிய நின்னா இடம் போயிடும் மேடம். இவங்க ரெண்டு தடவை நின்னாச்சு. எனக்கு வீட்டுல ஒன்பது வயசுப் பொண்ணு. முழுக் கட்டில் எடுத்தா அவளை விடணும். விட்டுட்டா படிக்க வர மாட்டேன். படிக்காம இருக்கவும் என்னால முடியாது."

வீட்டில் சொல்லாததை அங்கே சொன்னாள். குரல் உயரவில்லை, பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் இப்படி நிமிர்ந்து நின்று தனக்காக ஒன்று கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வார்டன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வெகு நேரம் புரட்டினார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"விருந்தாளி வாரத்துக்கு ரெண்டு நாள் தங்கலாம்னு இருக்கு. விருந்தாளி வரும்போது அறையில நீங்களும் இருக்கணும்னு எங்கயும் போடலை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கட்டில் உங்க பேர்ல. இவங்க உங்க விருந்தாளி. உறை ரெண்டு நிறத்துல இருக்கணும். நான் வந்து பார்ப்பேன்."

நான் கையெழுத்திட்டேன். தேதி போட்டேன். மணி பார்க்கக் கைக்கடிகாரத்தைத் திருப்பினேன்.

"மணி வேண்டாம் ஐயா," என்றார் வார்டன்.

"இருக்கட்டும் மேடம்," என்றேன்.

அப்படித்தான் அவள் படித்தாள். வாரத்தில் ஐந்து இரவு எங்களோடு, இரண்டு இரவு நீல உறைத் தலையணையில். மருந்துக்கடைப் பெண் படிப்பை முடித்துப் போனபின், அவள் இடத்துக்கு முதல் வருடப் பெண் ஒருத்தி விருந்தாளியாக வந்தாள். நான்கு வருடத்தில் கதவு என் மருமகளுக்கு ஒரே ஒரு முறைதான் சாத்தியிருந்தது, அதுவும் பெருமழையில், பாதி வகுப்பு வெளியே நின்ற நாளில். பட்டம் வாங்கிய அன்று வாசல் காவலாளி அவளை நிறுத்தி, "பையில இஸ்திரிப் பெட்டி இருக்கா?" என்று கேட்டார். அவர் மறக்கவில்லை. அதற்குப் பதில் சொன்னது மேனேஜர்: "இன்னைக்கு வேணாம் அங்கிள், தாத்தா வந்திருக்காங்க. கனம் போதும்."

இப்போது அவள் அரசு மருத்துவமனையில் செயற்கைக் கால் பட்டறையில் இருக்கிறாள். போன மாதம் அந்தத் தபால்காரருக்குப் புதுக் கால். என்னையும் வந்து பார்க்கச் சொன்னார். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடந்தார், திரும்பினார், கையை விட்டுவிட்டு நின்றார். அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள். டாக்டரும் தட்டினார். தபால்காரர் என்னைப் பார்த்து, "பார்த்தீங்களா ஐயா, உங்க மருமக செஞ்ச காலு!" என்றார். எனக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் மட்டும் கை தட்டவில்லை. மூலையில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"நின்னது போதும். உக்காருங்க."