எழுபத்தோராவது நிமிடம்

அவருடைய மனைவி அவரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியக் காட்சி தொடங்கி எழுபத்தோராவது நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அதை அவரே தன் கையால் நோட்டில் எழுதி வைத்ததுதான்.

இருபத்தாறு வருடமாக அந்தத் தியேட்டரில் அவர் கதவுக்காரர். டிக்கெட்டைக் கிழிப்பார், இருட்டில் இருக்கை காட்டுவார், பிறகு கதவை மூடிக்கொண்டு வெளியே நிற்பார். கையில் எப்போதும் டார்ச் இருந்ததால் எல்லோருக்கும் அவர் டார்ச் அண்ணன். மேனேஜர் மட்டும் அண்ணனை வெட்டிவிட்டு ‘டார்ச்’ என்பார். ஆயிரக்கணக்கான படங்களை அவர் காதால் மட்டுமே பார்த்திருந்தார். கதவில் முதுகைச் சாய்த்தபடியே உள்ளே நடப்பது சண்டையா, பாட்டா, அழுகையா என்று சொல்லிவிடுவார். யாருக்கும் யாருக்கும் இடையே சண்டை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

மனைவிக்கு ஒரு தையல் கடையில் வேலை. அளவெடுப்பதில் கெட்டிக்காரி. ஒரு முறை டேப் வைத்தால் வைத்ததுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சும் குறைவு, சண்டை அதைவிடக் குறைவு. அவர் வீடு திரும்பியதும் “இன்னிக்கு என்ன படம்?” என்று அவள் கேட்பாள். “சத்தமான படம்” என்பார். சில நாள் “சத்தமில்லாத படம்” என்பார். அதற்கு மேல் அவளும் துருவ மாட்டாள்.

அப்படியிருக்கையில்தான் அந்தப் படம் வந்தது. வெளிநாட்டில் பரிசு வாங்கிய படம் என்று சுவரொட்டியில் போட்டிருந்தது. கதை என்று பார்த்தால், ஓர் ஆள் தன் வீட்டுக் கூடத்தில் குழி வெட்டுகிறான். இரண்டே முக்கால் மணி நேரம் வெட்டுகிறான். கூடவே மனைவி இருக்கிறாள். ஏன் வெட்டுகிறாய் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. படத்தில் வசனமே கிடையாது. கதவுக்கு வெளியே மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததால், முதல் நாள் முழுக்க அது விவசாயப் படம் என்றே டார்ச் அண்ணன் நினைத்திருந்தார்.

ஆனால் விவசாயப் படத்துக்கு ஜனங்கள் இப்படி வெளிறிப்போய் எழுந்து வர மாட்டார்கள். அரை மணி நேரம் கழிந்ததும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். ஒரு பெண் செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்து, போய் எடுக்க மாட்டேன் என்று நின்றாள். டார்ச் அண்ணன்தான் உள்ளே போய், திரையைப் பார்க்காமல், தரையைப் பார்த்தே எடுத்து வந்தார்.

இரண்டாம் நாள் மேனேஜர் ஒரு நீள நோட்டோடு வந்தார்.

“டார்ச், இதுல மூணு கட்டம் போட்டிருக்கேன். எத்தனாவது நிமிஷத்துல எழுந்து வர்றாங்க, ஆணா பொண்ணா, என்ன காரணம். எல்லாத்தையும் எழுதணும்.”

“எதுக்கு சார்?”

“படம் எடுத்தவர் எல்லா தியேட்டர்லயும் கேட்டிருக்காரு. ஜனங்க எங்க எழுந்து போறாங்கன்னு அவருக்குத் தெரியணுமாம்.”

“போகாம இருக்கற மாதிரி எடுத்திருக்கலாமே சார்.”

“அத எழுதாத.”

டார்ச் அண்ணன் ஒரு வேலையை எடுத்தால் உடும்புப் பிடிதான். கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்ப்பார், காட்சி தொடங்கிய நேரத்தைக் கழிப்பார், நிமிடத்தை எழுதுவார், பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார்.

“காரணம் சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்.”

“யாருக்கு?”

“படம் எடுத்தவருக்கு.”

“அந்தாள நேர்ல வரச் சொல்லுய்யா!”

‘நேரில் வரச் சொல்கிறார்’ என்று எழுதிக்கொண்டார்.

ஒரு பெரியவர் நாற்பதாவது நிமிடத்தில் கோபமாக வந்தார். “மண்வெட்டி பிடிக்கவே தெரியலப்பா அவனுக்கு. அப்படி வெட்டுனா முதுகு என்னத்துக்கு ஆகும்?” ஒரு தம்பதி சேர்ந்து வந்தார்கள். இவருக்கு ஆகாது என்றாள் அவள். இவளுக்குப் பயம் என்றார் அவர். இரண்டையும் இரண்டு வரியாக எழுதினார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாக ஒரே நாளில் மூன்று பேர் சொன்னார்கள். அதையும் நம்பி எழுதினார். எல்லாவற்றையும்விட அதிகம் வந்த காரணம் ‘முடியல’ என்பது. அதை எழுதும்போதெல்லாம் அவருக்குத் திருப்தி இருக்காது. என்ன முடியவில்லை என்று கேட்டால், அதைத்தான் சொல்ல முடியவில்லை என்பார்கள். ஊமை கண்ட கனவுதான்.

எழுபதாவது நிமிடத்தை ஒட்டி மட்டும் கூட்டம் கூடுதலாக வரும். “அளவெடுக்கிறான்” என்பார்கள். அளவெடுப்பதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் வீட்டில் அதைச் செய்துதான் பாதிச் சாப்பாடு.

ஒரு வாரத்தில் அரங்கம் காற்றாடத் தொடங்கியது. காலி இருக்கையைப் பார்த்தால் வருகிறவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று, ஊழியர்கள் வீட்டு ஆட்களை இலவசமாகக் கூட்டி வரச் சொன்னார் மேனேஜர். அந்தச் செவ்வாய்க்கிழமை தையல் கடைக்கும் விடுமுறை. இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு அவள் வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. ஊருக்கெல்லாம் இருக்கை காட்டியவர் பெண்டாட்டிக்கும் காட்டினார்.

“பாத்து, படி இருக்கு.”

“நீங்க உக்கார மாட்டீங்களா?”

“நான் உக்காந்தா கதவை யாரு பாக்கறது?”

மூன்று நாற்பத்தொன்றுக்குக் கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது என்பதை அவர் பின்னால்தான் நினைவுக்குக் கொண்டுவந்தார். அப்போது அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றாள். அவர் 71 என்று எழுதினார். பெண் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சொந்தப் பெண்டாட்டியிடம் காரணம் சொல்லுங்கள் என்று கேட்பது ஒரு மாதிரியாக இருந்தது. சாதாரணமாக எழுந்து வந்திருப்பாள் என்று நினைத்தார்.

“பாத்ரூம் இந்தப் பக்கம்,” என்றார்.

அவள் அந்தப் பக்கம் போனாள். படியிறங்கித் தெருவுக்குப் போய், வீட்டுக்குப் போய், ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் மச்சினியிடமிருந்து ஃபோன் வந்தது. “மாமா, அக்கா இங்கதான் இருக்கா. கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

“என்னம்மா ஆச்சு?”

“அதத்தான் நான் உங்கள கேக்கலாம்னு ஃபோன் பண்ணேன்.”

அந்த வார இறுதியில் தியேட்டர் வாசலில் நாற்பது பேர் கூடிக் கோஷம் போட்டார்கள். குடும்பத்தைக் கேவலப்படுத்தும் படத்தை உடனே தூக்க வேண்டும் என்றார்கள். அவர்களின் தலைவர் வெயில் தாங்காமல் கதவருகே நிழலுக்கு வந்தார்.

“ஏன்ணே, அப்படி என்னதான் இருக்கு உள்ள?”

“நான் பாக்கலங்க.”

“நானும் பாக்கல,” என்றார் தலைவர்.

இருவரும் கொஞ்ச நேரம் நிழலில் நின்றார்கள். தலைவர் கிளம்பும்போது டார்ச் அண்ணன் காரணம் கேட்டு எழுதிக்கொண்டார்.

படத்தைத் தூக்கிவிட்டார்கள். நோட்டு படம் எடுத்தவருக்குப் போயிற்று. தொல்லை அதோடு ஒழிந்தது என்று பார்த்தால், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு உட்காரவே வைத்தார்.

“வந்த நோட்டுலயே நம்ம நோட்டுதான் சுத்தமாம். ரொம்ப பாராட்டியிருக்காங்க. ஆனா ஒரு எடத்துல காரணம் காலியா இருக்காம். எழுபத்தோராவது நிமிஷம், ஒரு பொண்ணு. அத மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்றாங்க.”

“அது எங்க வீட்டுல சார்.”

“அப்ப நல்லதாப் போச்சு. வீட்டுல கேட்டு எழுதிடு.”

“வீட்டுல இல்ல சார். அதான் விஷயம்.”

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பின் காகிதத்தை மடித்து மேசை டிராயருக்குள் வைத்தார். “சாவகாசமா கேளு,” என்றார்.

அன்றே கேட்டார். மச்சினி எடுத்து அவளிடம் கொடுத்தாள். சாப்பிட்டாயா, உடம்பு நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்க நினைத்திருந்தார். ஆனால் வாய், பழக்க தோஷத்தில், நேராக அங்கே போய்விட்டது.

“அன்னிக்கு எழுந்து வந்தியே, என்ன காரணம்?”

“கேக்கறது நீங்களா, நோட்டா?” என்றாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். “நோட்டுதான்,” என்றார்.

“அப்ப நோட்டுக்கு முடியலன்னு எழுதிக்கோங்க.”

வைத்துவிட்டாள். அவர் அதை எழுதவில்லை. இருநூறு பேர் சொன்ன காரணத்தை அவளுக்கும் எழுதக் கை வரவில்லை. அதைவிட முக்கியமாக, அது காரணமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காரணம் தெரியாமல் எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது? எதற்கு மன்னிப்புக் கேட்பது என்று தெரியாத மன்னிப்பு, கிழிக்காத டிக்கெட் மாதிரி, யாரையும் உள்ளே விடாது.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று ஆபரேட்டரிடம் போனார். படம்தான் போய்விட்டது, என்ன வருகிறது என்றாவது சொல்லேன் என்று கேட்டார்.

“அண்ணே, நான் எங்க படம் பாத்தேன்? ஃபோகஸ்தான் பாத்தேன். ஃபோகஸ் நல்லா இருந்துச்சு,” என்றான் ஆபரேட்டர்.

அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. நோட்டின் நகலை எடுத்துப் புரட்டினார். எழுபத்தொன்றில் வெளியே வந்தவர்களில் ஒரே ஒருத்தி எழுபத்தைந்தில் திரும்ப உள்ளே போனதாக ஓரத்தில் குறித்திருந்தார். ஆள் யாரென்று நினைவிருந்தது. இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா. தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் போனார். உண்மையாகவே தலைவலியும் இருந்தது.

“அந்த எழுபத்தோராவது நிமிஷத்துல என்ன வருதும்மா?”

மருந்துக்கடை அம்மாவுக்கு அதை நினைப்பூட்ட வேண்டியிருக்கவில்லை. “அவ படுத்திருக்கா. அவன் டேப் எடுத்துட்டு வந்து, தலையிலேர்ந்து கால் வரைக்கும் அளவெடுக்கறான். மெதுவா, ஒரு எடத்துல கூட படாம. எடுத்துட்டு திரும்பவும் வெட்டப் போறான்.”

“தூங்கறவளுக்கு எப்படித் தெரியும்?”

“அவ எங்க தூங்கறா? முழிச்சுகிட்டுதான் இருக்கா. கண்ண மூடிட்டுக் கெடக்கா.”

அவர் மாத்திரை அட்டையைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

“நீங்க எழுந்து வந்தீங்களேம்மா. காரணம் ஃபோன் பேசன்னு சொன்னீங்க.”

“ஆமா. எங்க வீட்டுக்காரருக்குப் பண்ணேன்.”

“என்ன சொன்னீங்க?”

“மாடியில துணி காயுது, எடுத்து உள்ள போடுங்கன்னேன். துணியே காயப் போடல அன்னிக்கு. ஒரு மனுஷக் குரல் கேட்டாத்தான் திரும்ப உள்ள போக முடியும்னு இருந்துச்சு. அவரும் மாடிக்குப் போய்த் தேடிட்டு வந்து கத்துனாரு. அது போதும், உள்ள போயிட்டேன்.” மிச்சச் சில்லறையை நீட்டியபடி சொன்னாள். “உங்களத்தான் முதல்ல பாத்தேன் நான். நீங்க கடிகாரத்தப் பாத்துகிட்டு இருந்தீங்க.”

டார்ச் அண்ணன் தியேட்டருக்குத் திரும்பி நடந்தார். மாத்திரையைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் வந்ததாகக் கேன்டீன் அக்கா சொல்வாள். யாராவது படத்தின் நடுவில் எழுந்து வந்தால், சண்டைப் படமோ சிரிப்புப் படமோ, டார்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் நிற்பாராம். ஒன்றும் கேட்க மாட்டாராம். ஃபோன் பேச வந்தவர்களுக்கும், குழந்தைக்கு மூத்திரம் என்று வந்தவர்களுக்கும் அது பெரிய இடைஞ்சலாக இருந்தது. “ஏங்க, எதுக்கு ஒட்டிகிட்டே நிக்கறீங்க?” என்று சிலர் திட்டினார்கள். திட்டி முடிக்கும் வரை நின்றுவிட்டுத்தான் நகர்வார்.

மாதம் ஒருமுறை மச்சினிக்கு ஃபோன் செய்தார். காரணம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. “நான் கேட்டேன்னு மட்டும் சொல்லும்மா” என்பார். “நோட்டு கேட்டுச்சுன்னு சொல்லவா, நீங்க கேட்டீங்கன்னு சொல்லவா மாமா?” என்று மச்சினி ஒருமுறை குத்தினாள். “நான்தாம்மா” என்றார். அடுத்த தடவையிலிருந்து அவள் குத்தவில்லை.

ஒரு வருடம் இரண்டு மாதம் கழித்து, மதியக் காட்சிக்குக் கதவைச் சாத்திவிட்டு அவர் நின்றிருந்தபோது, ஃபோனில் செய்தி வந்தது. எப்போது வந்தது என்பதைத்தான் அவர் கண் முதலில் பார்த்தது. பிறகு அந்த நேரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு செய்தியைப் படித்தார்.

“ஏங்க, தங்கச்சி ஃபோன்ல அந்தப் படத்தோட மீதிய நேத்து பாத்துட்டேன். கடைசியில அவன் அந்தக் குழியில தானே எறங்கிப் படுத்துக்கறான். பக்கத்துல அவ அளவுக்கு எடம் விட்டிருக்கான். அவ எறங்கல. மண்ணத் தட்டிவிட்டு கூடத்தப் பெருக்கறா. நல்ல படமா கெட்ட படமான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அன்னிக்கு நான் வெளிய வந்தது போறதுக்கு இல்ல. பயமா இருந்துச்சு, உங்க பக்கத்துல அஞ்சு நிமிஷம் நின்னுட்டு உள்ள போகலாம்னு வந்தேன். அந்தக் கட்டத்துல இத எழுதிடுங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸுல வர்றேன். எத்தன மணிக்குன்னு சொல்ல மாட்டேன். சும்மா வந்து நில்லுங்க.”