மிஞ்சிய ஒரு ஜோடி செருப்பு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாதியில், இதுக்குப் போயா இந்தம்மா இப்படி நடுங்கிச்சு என்று யாரும் கேட்கக் கூடாது. பல்லி விழுந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்சம் பிந்தி வந்தால் போதும், அதற்குள் மனசுக்குள்ளேயே ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். இப்படிப்பட்டவளைத்தான் கொண்டுபோய் நீச்சல் குளத்து வாசலில் உட்காரவைத்தார்கள்.

கடலூரில் ஒரு பூங்கா. எது என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சோறு போடுகிறார்கள். காண்ட்ராக்ட் வேலை. மற்ற மாதங்களில் துடைப்பமும் தண்ணீர்க் குழாயும்தான் என் கையில் இருக்கும். சித்திரை பிறந்து லீவு விட்டுவிட்டால் எல்லாம் தலைகீழ். கடல் காற்றில் ஊஞ்சல் சங்கிலி துருவேறிக் கிடக்கும், அதைத் தேய்த்து எண்ணெய் விட வேண்டும். தகரச் சறுக்குமரம் தோசைக்கல்லாகக் காயும், பிள்ளைகள் வருவதற்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டும். புல்தரை காய்ந்துபோனால் அதற்கும் நான்தான் பேச்சு வாங்க வேண்டும். முதுகு ஒடியும், ஆனாலும் இந்த வேலைகளில் எனக்குக் குறையில்லை.

குளம்தான் ஆகாது. கோடை முகாமில் சாயங்காலம் பெண்பிள்ளைகள் நீச்சல் பழகுவார்கள். வாசலில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. கடலோரக் கிள்ளைப் பக்கம் பிறந்தவள்தான், திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர்தான், ஆனால் முழங்காலுக்கு மேல் நனைய நின்றது கிடையாது. என் மகள் தினமும் நச்சரிப்பாள், என்னையும் சேத்துவிடும்மா என்று. வேலைக்காரிக்குச் சலுகையாகச் சேர்த்துக்கொள்வார்கள்தான். பாக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம் என்றே தட்டிக்கழித்து வந்தேன்.

பிள்ளைகளை எண்ணுவதற்கு எனக்கு ஒரு வழி இருந்தது. பேர் கூப்பிட்டால் ஒருத்திக்காக இன்னொருத்தி குரல் கொடுத்துவிட்டுச் சிரிப்பாள். அதனால் நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், செருப்பைப் பார்ப்பேன். குளத்துக்குள் மண் போகக் கூடாது என்று எல்லாரும் வாசலில் உள்ள சிமெண்டுத் திட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாயங்காலம் திட்டு காலியாகிவிட்டால் குளமும் காலி. அதைப் பார்த்த பிறகுதான் பூட்டைப் போடுவேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பயமே சொல்லிக்கொடுத்தது.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். ஒரு அம்மா மட்டும் உட்கார மாட்டாள். கம்பிவேலியில் விரலைக் கோத்துக்கொண்டு நின்றபடியே இருப்பாள். அவள் பெண் தலையை முக்கும்போதெல்லாம் இவளும் மூச்சை அடக்குவாள். கணவர் துபாயில். கடலூர்ல பொறந்துட்டு நீச்சல் தெரியாம இருக்கக் கூடாது என்று அவர்தான் போனிலேயே பேசிச் சேர்த்துவிட்டாராம். அவளைப் பார்க்கும்போது, அட, நம்ம ஜாதி ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்குள் ஓர் ஆறுதல். ஒருநாள் என்னிடம் வந்து, இந்தக் குளத்தில் இதுவரை ஒன்றும் ஆனதில்லையே என்று கேட்டாள். வாயக் கழுவுங்கம்மா என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் வகுப்பு முடிகிற நேரத்துக்கு மேற்கே திடீரென்று கருத்தது. கோடை மழைக்கு முன்னால் வருமே ஒரு காற்று, அது வந்தது. விளையாட்டுத் திடல் புழுதி அத்தனையும் எழும்பிக் குளத்தில் விழுந்தது. வேப்பிலை, சருகு, எங்கிருந்தோ ஒரு சிமெண்டுச் சாக்கு. நீச்சல் மாஸ்டர் விசில் ஊதி எல்லாரையும் மேலே ஏற்றினான். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற தம்பி அவன். அம்மாக்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவந்து ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள். மோட்டார் ரூம் ஜன்னல் படார் படாரென்று அடித்தது, நான் அதைச் சாத்தப் போனேன். கரண்டும் போய்விட்டது. திரும்பி வந்தபோது ஒருத்தருமில்லை. மாஸ்டரும் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தான். மழை நாலு தூற்றல் போட்டுவிட்டு நின்றுவிட்டது.

பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். திட்டில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

நீல ரப்பர் செருப்பு. பாதிப் பிள்ளைகள் போடுகிற சாதாரணச் செருப்பு. ஒன்றில் வார் பிய்ந்து அடியில் ஊக்கு குத்தியிருந்தது. யாரோ ஒரு தாய் குத்திய ஊக்கு. உடை மாற்றும் அறையில் பார்த்தேன், கக்கூஸில் பார்த்தேன், யாரும்மா உள்ள என்று கூப்பிட்டுக்கூடப் பார்த்தேன். என் குரல்தான் திரும்ப வந்தது. அப்புறம் குளத்தைப் பார்த்தேன். வழக்கமாக அடியில் ஒட்டியிருக்கும் டைல்ஸ் கட்டமெல்லாம் தெரியும். அன்றைக்குத் தேயிலைத் தண்ணீர் மாதிரி கிடந்தது. மேலே சருகு, கீழே ஒன்றும் தெரியவில்லை.

முன் கேட் வாட்ச்மேனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவர் டார்ச்சோடு வந்து, எந்தப் பிள்ளையாவது மறந்துட்டுப் போயிருக்கும், இதுக்கு ஏன் இந்த ஆட்டம் என்றார். செருப்பை மறந்துவிட்டு இந்தத் தார்ச்சூட்டில் எந்தப் பிள்ளை நடந்து போகும்? மாஸ்டருக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டானாம்.

"எல்லாரும் மேல ஏறுனத நான் பாத்துட்டுதான்க்கா வந்தேன்."

"எண்ணுனியா?"

"எறங்கி வர்றேன்க்கா" என்றான். அவன் குரல் மாறியிருந்தது.

சருகு அள்ளும் வலைக் கம்பை எடுத்துத் தண்ணீரில் விட்டுத் துழாவினேன். வாட்ச்மேன் டார்ச் அடித்தார். வெளிச்சம் மேல் தண்ணீரோடு நின்றுவிட்டது. ஏணிக்குப் பக்கத்தில் கம்பு எதிலோ போய் இடித்தது. கல் இல்லை. மெத்தென்று இருந்தது. தள்ளினால் கொஞ்சம் நகர்ந்தது, விட்டால் திரும்ப வந்தது. என் குலசாமியைக் கூப்பிட்டேன். நல்லது கேட்டுக் கூப்பிடுகிற சாமியைச் சாவு வீட்டில் அலறுகிற மாதிரி கூப்பிடக் கூடாது, அப்படித்தான் கூப்பிட்டேன்.

எப்படி இறங்கினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தேன். இடுப்பு, பிறகு மார்பு. புடவை பலூனாக உப்பி மேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு காலாலேயே தேடினேன். பாதத்தில் அது பட்டது. குனிந்தால் மூக்கில் தண்ணீர் ஏறும், தெரியும், குனிந்தேன். பிடித்து இழுத்தேன். சிமெண்டுச் சாக்கு. காற்றில் வந்து விழுந்த அதே சாக்கு, புழுதி நிரம்பி அடியில் போயிருக்கிறது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுத்தண்ணீரில் நின்று அழுதேன்.

சாக்குதான் என்று தெரிந்ததும் பயம் போய்விடவில்லை. ஆழமான பக்கம் இன்னும் இருந்தது. மாஸ்டர் ஓடிவந்து சட்டையைக்கூட முழுசாகக் கழற்றாமல் குதித்தான். மூச்சு வாங்க மேலே வருவான், இல்லக்கா என்பான், மறுபடி போவான். இல்லை என்றால் எதற்குத் திரும்பத் திரும்ப முங்குகிறான் என்றுதான் எனக்கு ஓடிற்று. கடைசியில் கரையேறி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டோ எடுத்து அம்மாக்கள் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டான். யாருடையது, எல்லாரும் உடனே பதில் போடவும் என்று எழுதினான்.

பதில்கள் வர ஆரம்பித்தன. எங்களுது இல்லை. எங்க பொண்ணு வீட்டுல இருக்கா. எங்களுது இல்லை, என்ன ஆச்சு மாஸ்டர். ஒவ்வொரு பதில் வரும்போதும் எனக்கு ஒரு பிள்ளை உயிரோடு திரும்ப வந்தது. கடைசியில் ஒரே ஒருத்தர் மிச்சம். அந்த வேலியோரத்து அம்மா.

"பாத்துட்டாங்கக்கா. நீல டிக் விழுந்துருக்கு. பதில்தான் வரல."

போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. பிள்ளை வீட்டில் இல்லை. செருப்பைப் பார்த்திருக்கிறாள். அலறிக்கொண்டு இங்கேதான் வந்துகொண்டிருக்கிறாள். வந்து நின்று என் பிள்ளை எங்கே என்று என்னைக் கேட்கப் போகிறாள்.

அவள் வீடு எனக்குத் தெரியும். முன்பொரு நாள் பிள்ளை விட்டுவிட்டுப் போன துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். நீ இங்கேயே தேடு என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, என் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த நீலச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஈரப் புடவை காலைச் சுற்றியது. வழியெல்லாம் எதிரே வருகிற ஸ்கூட்டியெல்லாம் அவளாகவே தெரிந்தது.

கதவு திறந்திருந்தது. எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் அந்தப் பெண் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். தலை இன்னும் காயவில்லை. என்னைப் பார்த்து, ஆன்ட்டி ஏன் நனைஞ்சிருக்கீங்க என்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கால், பத்து விரலும் ஆடிக்கொண்டிருந்தன.

அம்மா கையில் கரண்டியோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"அத உள்ள கொண்டாராதீங்க."

என்னை வெளியே தள்ளாத குறையாக நடைக்குக் கொண்டுவந்து, பின்னால் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள். சிதம்பரத்தில் ஒருவரிடம் ஜாதகம் பார்த்திருக்கிறாள். பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார். கணவரோ நிறுத்தக் கூடாது என்கிறார். சனிக்கிழமை அந்தத் தண்ணீர்க் கரையிலேயே செருப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தால் பீடை அங்கேயே தங்கிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். காற்று வந்த கூட்டத்தில் பிள்ளையை வெறுங்காலோடு ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

போட்டோவைப் பார்த்தீர்கள்தானே, ஒரு வார்த்தை போட்டால் என்ன என்று கேட்டேன்.

"எங்களுதுன்னு எப்படிக்கா சொல்றது? சொன்னா அது திரும்ப எங்கிட்டயே வந்துடாதா?"

ஓங்கி அறையலாமா என்றுதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உங்க புள்ளயத் தேடி நான் தண்ணில எறங்குனேம்மா. எனக்கு நீச்சல் தெரியாது."

அப்போதுதான் என் புடவையைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை அனுப்பட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்றாள். என்னிடம் போய்க் கேட்கிறாள். அனுப்புங்க, நான் தண்ணிகிட்டயே நிக்கிறேன் என்றேன். அப்படிச் சொன்னது என் வாய்தான்.

செருப்பை அங்கேயே வைக்க அவள் விடவில்லை. தெருவில் வைத்து மாஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன். சரிக்கா, அடுத்த பஸ்ஸப் பிடிக்கிறேன் என்றான்.

வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன். படித்தவள், ஸ்கூட்டி ஓட்டுகிறவள், ஒரு ஜோசியன் பேச்சைக் கேட்டு ஒரு ஊரையே குலைநடுங்க வைத்துவிட்டாளே என்று. தெரு முனைப் பிள்ளையார் கோயில் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. செருப்பு இன்னும் என் கையில்தான் இருந்தது. அவள் வீட்டில் வேண்டாம் என்றதை, எங்கள் வீட்டுப் பக்கம் எடுத்துக்கொண்டு போகிறேன். உள்ளே என் பெண் இருக்கிறாள்.

கோயில் சுவரோரம் அதை வைத்தேன். இரண்டடி நடந்தேன். அப்போதும் மனசு கேட்கவில்லை, அந்தத் தண்ணீரில் இறங்கின கால்தானே இதுவும். திரும்பி வந்து என் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் விட்டேன். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

மகள்தான் கதவைத் திறந்தாள். என் புடவையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். செருப்பு எங்கம்மா என்றாள்.

"தொலஞ்சிடுச்சி, போவட்டும்" என்றேன்.