சின்னையன் அண்ணன் கொடுத்த துண்டு

சின்னையன் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் குஸ்திக் கோதாவில் கத்திக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வேன், உங்களுக்குத் தெரியாதா? மில் சங்கு ஊதி முடிப்பதற்குள் ரங்கன் ஓடி வந்து, "சின்னையண்ணன் போயிட்டாருங்க" என்றான். எங்கள் மில் குஸ்திக்காரர்களைப் பத்து வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து பழக்கினோம். தொண்டை என்னுடையது, காது அவருடையது.

இந்த ரங்கன் காங்கேயத்துக்காரன். பயிற்சியில் யாரையும் சாய்த்துவிடுவான். போட்டியன்று கால் நடுங்கும். மூன்று முறை தோற்றான். நான் கத்தினேன், நடுக்கம் கூடியது. இன்னும் பலமாகக் கத்தினேன். அதே கத்தலில் எங்கள் இன்னொரு குஸ்திக்காரன் மாரப்பன் மட்டும் புலியாகப் பாய்கிறானே, ஒரே தொண்டை ஒருவனைத் தூக்கி இன்னொருவனை எப்படிச் சாய்க்கும்?

"அதைய ஏம்ப்பா என்னையக் கேக்கறே? அவனையக் கேளு" என்றார் அண்ணன். நான் கேட்கவில்லை. கோபிசெட்டிபாளையத்துப் போட்டியில் அவரே கேட்டார்.

அன்று ரங்கன் முகம் வெளுத்து நின்றான். "இன்னைக்குந் தோத்தா இனிக் கோதாப் பக்கமே வரமாட்டேனுங்க."

"எதிராளியப் பாத்தாப் பயமா, கண்ணு?"

"இல்லீங்க." கண்ணால் என்னைக் காட்டினான். "தோத்துப்போட்டு இவருகிட்டத் திரும்பி வரோணுமில்லீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "மணி, இதையக் கடிச்சுக்க. பேசாம அவனைப் பாரு."

கடித்தேன். ரங்கன் இரண்டு தடவை என் பக்கம் திரும்பினான். பிறகு திரும்பவே இல்லை. கால் நடுங்கவில்லை. கடைசிவரை மல்லுக்கட்டித் தோற்றான். தோற்றவன் நேராக என்னிடம் வந்து, "அண்ணா, அந்தப் பிடிய எங்கீங்க உட்டேன்?" என்றான். அதுவரை என்னிடம் அவன் எதையும் கேட்டதில்லை.

"உங்க வைத்தியத்துல ஜெயிக்கலையேண்ணா?" என்று பஸ்ஸில் சீண்டினேன்.

"நாளைக்குக் கோதாவுக்கு வருவானில்ல?"

வந்தான். முதல் ஆளாக.

அந்த ருசியில் மாரப்பன் போட்டிக்கும் துண்டைக் கடித்தேன். பாதியில் அவன் என்னைப் பார்த்து, "என்ரமேல ஏதாச்சுங் கோவமுங்களா?" என்றான். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அன்றுதான். "அவனையுங் கேக்கோணும் மணி!"

துண்டு என்னிடம் இருக்கிறது. ஒரு மூலை முழுக்க என் பல் தடம். கோதாவுக்குப் புதிதாக யார் வந்தாலும், கத்தட்டுமா, கடிக்கட்டுமா என்று முதலில் அவனையே கேட்கிறேன்.